தொண்டையில் சிக்கும் புட்டும் டிஎன்ஏ கிட்டும்: உணவுக்குழாய் ஒவ்வாமையில் மரபணு எவ்வளவு சொல்லும்?

வன்னியில் பல வீடுகளுக்குக் கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ ஒரு கிளை உண்டு. அங்கே ஒருவருக்கு வருத்தம் என்றால் அதன் பெயர் அன்றிரவே வட்ஸ்அப்பில் கிளிநொச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் வந்து சேர்ந்துவிடும். அப்படி வந்து சேரக்கூடிய ஒரு பெயர்தான் இயோசினோபிலிக் ஈசொபஜைற்றிஸ், உணவுக்குழாயில் வருகிற ஒரு வகை ஒவ்வாமை அழற்சி. “பெரியப்பாவின்ர மகனுக்கு இந்த வருத்தமாம், பரம்பரையில வருமாம், உங்கட பிள்ளைகளுக்கும் டிஎன்ஏ பார்த்தால் நல்லது, கிட் அனுப்பிவிடுறம்” என்று ஒரு குரல் பதிவும் கூடவே வரும். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் கேட்கிற தாய்க்கு அன்று நித்திரை போய்விடும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வருத்தம் குடும்பத்தில் ஓடுவது உண்மை. மரபணுக்களுக்கு அதில் பங்கு இருப்பதும் உண்மை. இருந்தும், சுகமாக இருக்கிற ஒரு பிள்ளையின் எச்சிலை அனுப்பி “இவனுக்கு இது வருமா” என்று சொல்லக்கூடிய பரிசோதனை இன்று இல்லை. இந்த மூன்றும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

வருத்தம் என்ன?

தொண்டையிலிருந்து இரைப்பை வரை போகிற உணவுக்குழாய், வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 25 சென்ரிமீற்றர் நீளமான தசைக் குழாய். இயோசினோபில் என்பது வெள்ளையணுக்களில் ஒரு வகை. பூச்சித் தொற்றிலும் ஒவ்வாமையிலும் முன்னுக்கு நிற்பது. சுகமான ஒருவரின் உணவுக்குழாய்ச் சுவரில் இந்த அணுக்கள் இருப்பதில்லை. இந்த வருத்தத்தில் அவை சுவருக்குள் கூட்டமாக வந்து தங்கிவிடுகின்றன. பெரும்பாலும் அவற்றை அழைத்து வருவது சாப்பாட்டில் உள்ள ஏதோ ஒரு புரதம். பால், கோதுமை, முட்டை, சோயா, கச்சான் மாதிரியான கொட்டை வகைகள், மீனும் இறாலும் என்பவைதான் வழக்கமாகச் சந்தேகிக்கப்படுபவை. வருடக்கணக்காக அழற்சி நீடித்தால் சுவரில் தழும்பு விழுந்து, குழாய் ஒடுங்கி, உள்ளே வளையம் வளையமாகத் தெரியத் தொடங்கும்.

இதை ஒரு தனி வருத்தமாக மருத்துவ உலகம் பிரித்துப் பார்த்தது அண்மையில்தான். பெரியவர்களில் இதை விவரித்த முக்கியக் கட்டுரைகள் 1993இலும் 1994இலும் வந்தன. 1995இல் ஒரு குழு, அமில மருந்துக்கு அடங்காத 10 பிள்ளைகளுக்குச் சாதாரணப் புரதமே இல்லாத ஒரு பால்மாவைக் கொடுத்துப் பார்த்தது. 8 பேருக்கு அறிகுறிகள் முற்றாகப் போயின, மற்ற 2 பேரும் தேறினார்கள். அதுவரை இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் நெஞ்செரிவுக்காரர் என்றுதான் கணக்கில் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இன்றும் “காஸ்ரிக்” என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

இறால் சாப்பிட்டு ஐந்து நிமிடத்தில் உதடு தடித்து மூச்சு முட்டுகிற ஒவ்வாமையோடு இதைக் குழப்பக் கூடாது. அது உடனடி. இது மெதுவானது, தின்ற சாப்பாட்டுக்கும் வருகிற அறிகுறிக்கும் இடையில் நாட்கள், வாரங்கள் ஓடிவிடும். அதனால்தான் தோலில் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை இந்த வருத்தத்துக்கு எந்தச் சாப்பாடு காரணம் என்று நம்பகமாகக் காட்டுவதில்லை.

பெரியவர்களிலும் வளர்ந்த பிள்ளைகளிலும் முதல் அறிகுறி, இறைச்சி, பாண், காய்ந்த சோறு போன்றவை நெஞ்சுக்குள் சிக்குவது. சின்னப் பிள்ளைகள் அதைச் சொல்லத் தெரியாமல் சாப்பாட்டைத் தள்ளிவிடுவார்கள், சத்தி எடுப்பார்கள், நிறை கூடாது. இந்த வருத்தக்காரர் பலர் தங்களை அறியாமலே தப்பும் வழிகளைப் பழகிவிடுகிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிப்பது, எல்லாவற்றையும் குழம்பில் ஊறவைப்பது, நெடுநேரம் மெல்லுவது, பந்தியில் கடைசியாக எழும்புவது, குளிசை விழுங்க மறுப்பது. இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. புட்டுக்குச் சொதியை ஊற்றிக் குழைத்துத் தின்னாதவர் வன்னியில் யார்? வெளிநாட்டு வைத்தியர் சந்தேகப்படுகிற பழக்கம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு முறையாக இருக்கிறது. ஆகவே சொதியை விட்டுவிட்டு, அதே பந்தியில் இருக்கும் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லோரும் கை கழுவிய பிறகும் ஒரு பிள்ளை மட்டும் அரைக் கோப்பையோடு இருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இரத்தப் பரிசோதனைத் துண்டில் “இயோசினோபில் கூட” என்று வந்தால் அது இந்த வருத்தம் என்று பொருளல்ல. குடலில் பூச்சி இருந்தால் கூடும். தொய்வு இருந்தால் கூடும். தோல் அழற்சியிலும் கூடும். இந்த வருத்தம் உள்ள சிலருக்கு இரத்தத்தில் அது சரியாகவே இருப்பதும் உண்டு. எண்ண வேண்டிய இடம் உணவுக்குழாயின் சுவர். வாய் வழியே கமராக் குழாய் விட்டுப் பார்த்து, பல இடங்களில் சின்னத் துணுக்குகள் எடுத்து, நுண்காட்டியின் உயர் உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்புக்கு 15 அல்லது அதற்கு மேற்பட்ட இயோசினோபில்கள் தெரிந்து, விழுங்கும் கரைச்சலும் இருந்து, வேறு காரணமும் இல்லை என்றால்தான் பெயர் சூட்டுவார்கள். குறைந்தது 6 துணுக்குகளாவது எடுக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் அழற்சி எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை.

மரபணுக்கள் செய்வது என்ன?

தோட்டத்து வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். உணவுக்குழாயின் உட்தோல் அப்படிப்பட்ட ஒன்று: சாப்பாடு உரசிக்கொண்டு போகலாம், உள்ளே நுழையக் கூடாது. இந்த வருத்தத்தோடு தொடர்புள்ளதாகக் கண்டுபிடிக்கப்பட்ட மரபணுக்கள் பெரும்பாலும் இரண்டு வேலைகளில் ஒன்றைச் செய்கின்றன. ஒன்று, வேலியின் கட்டு. மற்றது, வேலி பிரிந்ததும் எழும் கூச்சல்.

கூச்சல் பக்கத்தில் முக்கியமானது டிஎஸ்எல்பி. உட்தோல் அணுக்கள் இடைஞ்சல்படும்போது வெளிவிடுகிற ஒரு சமிக்ஞைப் புரதம் அது. ஒவ்வாமைப் பாதையைத் தட்டி எழுப்புவது. 5ஆம் நிறமூர்த்தத்தில் அந்த மரபணு இருக்கும் பகுதிக்கும் இந்த வருத்தத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை அமெரிக்காவின் சின்சினாட்டி சிறுவர் வைத்தியசாலையை மையமாகக் கொண்ட குழு 2010இல் காட்டியது. கட்டுப் பக்கத்தில் கப்பெய்ன்-14. 2014இல் தெரியவந்த இது, உடம்பின் மற்ற இடங்களை விட உணவுக்குழாயிலேயே கூடுதலாக இயங்கும் ஒரு மரபணு. தொய்வும் தோல் அழற்சியும் உள்ள எல்லோருக்கும் ஏன் உணவுக்குழாய் வருத்தம் வருவதில்லை என்ற கேள்விக்கு அதில் ஒரு பாதி விடை இருக்கிறது. இன்ரலூக்கின்-13 என்ற சமிக்ஞை வந்ததும் இந்த மரபணு கூடுதலாக வேலை செய்து உட்தோலைத் தளர்த்துகிறது. அதே சமிக்ஞை இயோடக்சின்-3 என்ற புரதத்தையும் சுரக்க வைக்கிறது. இரத்தத்தில் திரிகிற இயோசினோபில்களைச் சுவருக்குள் இழுப்பது அதுதான்.

சரி, இந்த மரபணுக்களில் வருத்தத்தோடு தொடர்புள்ள வேறுபாடுகள் ஒருவரிடம் இருந்தால் என்ன ஆகும்? கணக்காகவே பார்ப்போம். ஒரு ஊரில் 2,000 பேருக்கு ஒருவருக்கு இந்த வருத்தம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரபணு வேறுபாடு அந்த ஆபத்தை இரண்டு மடங்காக்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். “இரண்டு மடங்கு” என்று அறிக்கையில் சிவப்பு எழுத்தில் வந்தால் யாருக்கும் கை நடுங்கும். ஆனால் 2,000இல் ஒன்று என்பது 1,000இல் ஒன்றாகிறது, அவ்வளவுதான். அந்த வேறுபாடு உள்ள 1,000 பேரில் 999 பேருக்கு வருத்தம் வராது. மறுபக்கம், அந்த வேறுபாடு இல்லாதவர்களிலும் சிலருக்கு வரும். “இருக்கிறது” என்ற விடையாலும் பயனில்லை, “இல்லை” என்ற விடையாலும் பயனில்லை என்றால் அந்தப் பரிசோதனையை எதற்குச் செய்வது?

தலசீமியாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். அங்கே ஒரே ஒரு மரபணுதான் கதையை எழுதுகிறது. தாயும் தகப்பனும் காவிகளாக, அதாவது தங்களுக்கு நோய் இல்லாமல் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25% வாய்ப்பு. அதைக் கலியாணத்துக்கு முன்னரே அறிந்துகொள்வதில் அர்த்தம் உண்டு. உணவுக்குழாய் ஒவ்வாமை அந்த வகை இல்லை. பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. ஆகவே கலியாணம் பேசும் இடத்தில் “அந்தக் குடும்பத்தில் தொண்டை வருத்தம் இருக்காம்” என்று காதைக் கடிப்பவர்களுக்கு, அதற்காகக் கலியாணத்தைத் தடுக்க மரபியலில் ஆதாரம் இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

இரட்டையர் சொன்ன கதை

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2014இல் வந்தது, இரட்டையர்களை வைத்துச் செய்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த வருத்தம் இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு 58%. வெவ்வேறு கருமுட்டையிலிருந்து வந்த இரட்டையரில் 36%. வேறு வேறு வருடங்களில் பிறந்த சாதாரண சகோதரரில் அது 2.4% மட்டுமே.

இந்த மூன்று எண்களையும் அவசரப்படாமல் பாருங்கள். ஒத்த இரட்டையருக்கு மரபணு முழுக்க ஒன்று. அப்படியிருந்தும் வருத்தம் உள்ள 100 பேரை எடுத்தால், அவர்களில் 42 பேரின் இரட்டைப் பிறவிக்கு அது இல்லை. மரபணுவே தலையெழுத்து என்றால் இது நடந்திருக்காது. அடுத்தது இன்னும் சுவையானது. வெவ்வேறு கருமுட்டை இரட்டையரும் சாதாரண அண்ணன் தம்பியும் மரபணுவைப் பகிரும் அளவு ஒன்றேதான், சராசரியாகப் பாதி. அப்படியானால் 36 எப்படி 2.4 ஆகக் குறைகிறது? இரண்டு சோடிக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான்: இரட்டையர் ஒரே வயிற்றில் ஒரே காலத்தில் இருந்தார்கள், ஒரே நாளில் ஒரே முறையில் பிறந்தார்கள், அதே மாதங்களில் அதே பாலைக் குடித்தார்கள், அதே காய்ச்சலுக்கு அதே மருந்தை எடுத்தார்கள். குடும்பத்தில் ஓடுவதில் மரபணுவின் பங்கு 15%க்கு கொஞ்சம் குறைவு, பொதுவான சூழலின் பங்கு 80% அளவில் என்று அந்த ஆய்வுக் குழு கணித்தது.

ஆகவே “குடும்பத்தில் ஓடுகிறது” என்பதும் “இரத்தத்தில் ஓடுகிறது” என்பதும் ஒன்றல்ல. ஒரே அடுப்பும் ஒரே கிணறும்கூடக் குடும்பத்தில்தான் ஓடுகின்றன.

சூழலில் என்ன என்ற கேள்விக்கு இன்னும் முழு விடை இல்லை. குழந்தையின் முதல் வருடத்தில் அன்ரிபயோற்றிக் கொடுத்தது, சிசேரியன், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது ஆகியவை இந்த வருத்தம் உள்ள பிள்ளைகளின் சரித்திரத்தில் கூடுதலாகக் காணப்படுகின்றன. காணப்படுகின்றன என்பதற்கும் காரணம் என்பதற்கும் இடையில் தூரம் இருக்கிறது. கைக்குழந்தைக்கு நியூமோனியா என்றால் அன்ரிபயோற்றிக் கொடுத்தே ஆக வேண்டும், அதில் பேச்சில்லை. சளிக்கெல்லாம் பார்மசியில் கேட்டு வாங்கிக் கொடுக்கிற பழக்கத்தைத்தான் விட வேண்டும். மரபணுவும் சூழலும் கைகோர்க்கும் இடமும் ஒன்று தெரியவந்திருக்கிறது. கப்பெய்ன்-14இன் ஆபத்து வகை உள்ள பிள்ளைகளில், தாய்ப்பால் குடித்தவர்களுக்கு ஆபத்துக் குறைவாக இருந்ததாக 2018இல் ஒரு ஆய்வு சொன்னது. தாய்ப்பால் கொடுக்க அந்த மரபணுவைப் பார்த்துவிட்டு வர வேண்டியதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாதாரண சகோதரரின் 2.4% என்பதையும் புறங்கையால் தள்ள வேண்டாம். 2,000இல் ஒன்று என்பதோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு. நோயாளிகளில் ஆண்கள் பெண்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. குடும்பத்திலும் தம்பி, அண்ணன், தகப்பன் என்று ஆண் பக்கமே கூடச் சாய்கிறது. ஆனால் 100 சகோதரரில் 97 பேருக்கு வருவதில்லை. வருத்தம் உள்ள ரொறன்ரோ உறவினர் உங்களுக்கு ஒன்றுவிட்ட சகோதரர் என்றால் இன்னும் தள்ளி நிற்கிறீர்கள்.

“மரபணு ரெஸ்ற்” என்றால் எந்த ரெஸ்ற்?

ஒரே பெயரில் வேறு வேறு சாமான்கள் விற்கப்படுவதால் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

எச்சில் கிட் என்பது பிறப்பிலேயே வந்த டிஎன்ஏயை வாசிப்பது. மேலே போட்ட கணக்கு அதற்குத்தான். அதோடு இன்னொரு குறை: இந்த வருத்தத்தின் மரபணு ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். அவர்களை வைத்துச் செய்த ஆபத்துக் கணக்கு முல்லைத்தீவுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தனியுரிமைப் பக்கமும் இருக்கிறது. 23அண்ட்மீ என்ற பெரிய எச்சில் கிட் நிறுவனத்தில் 2023இல் ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விபரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. நீங்கள் அனுப்பும் எச்சிலில் உங்கள் சகோதரங்களின் விபரமும் பாதி இருக்கிறது, அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது, கமரா மூலம் எடுத்த துணுக்கில் 90க்கு மேற்பட்ட மரபணுக்கள் எந்த அளவில் இயங்குகின்றன என்று பார்ப்பது. சின்சினாட்டி குழு 2013இல் வெளியிட்டது. இது பரம்பரையை வாசிப்பதில்லை. அந்த நேரத்தில் அந்தச் சுவரில் என்ன நடக்கிறது என்பதை வாசிக்கிறது. அழற்சி அடங்கினால் விடையும் மாறும். வருத்தத்தைக் கண்டறியத் துணை செய்யும், வருமுன் சொல்லாது. வெளிநாட்டு உறவினர் “எனக்கு ஜீன் ரெஸ்ற் செய்து கண்டுபிடித்தார்கள்” என்று சொன்னால் இதுவாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, வைத்தியரே கேட்டுச் செய்யும் மரபணுப் பரிசோதனை. மூட்டுகள் அளவுக்கு மிஞ்சி வளைவது, மார்பன் நோய்க்குரிய நெடிய உடல்வாகு, பிறந்ததிலிருந்தே கடுமையான தோல் உரிதலும் திரும்பத் திரும்ப வரும் தொற்றுகளும் என்று வேறு அடையாளங்கள் சேர்ந்திருந்தால், அபூர்வமான ஒற்றை மரபணு நோய் ஒன்றின் பகுதியாக உணவுக்குழாய் வருத்தம் வந்திருக்கலாம். அங்கே பரிசோதனை செய்வது நியாயம், ஏனென்றால் இதயமோ இரத்தக் குழாயோ கூடக் கவனிக்க வேண்டி வரும்.

கோதுமைக்கு வரும் சீலியாக் நோயில் மட்டும் கதை கொஞ்சம் வேறு. டிகியூ2, டிகியூ8 என்ற இரண்டு மரபணு வகைகளும் இல்லாதவருக்கு அந்த நோய் வர வாய்ப்பு மிகமிகக் குறைவு. “இல்லை” என்ற விடை அங்கே உண்மையிலேயே உதவுகிறது. உணவுக்குழாய் ஒவ்வாமைக்கு அப்படி ஒரு மரபணு இதுவரை அகப்படவில்லை.

பணத்தை எங்கே செலவழிப்பது?

கிட்டுக்கு அனுப்ப நினைத்த காசில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏ9 வழியே பல தடவை போய் வரலாம், அங்கே கமராப் பரிசோதனைக்குக் காசு கேட்கமாட்டார்கள். சுகமான பிள்ளைக்குக் கமரா தேவையில்லை. சாப்பாடு திரும்பத் திரும்பச் சிக்குகிறது என்றால் பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்டி, குடும்பத்தில் ஒருவருக்கு இந்த வருத்தம் இருப்பதையும், பிள்ளைக்குத் தொய்வோ தோல் அழற்சியோ இருந்தால் அதையும் சொல்லிக் கடிதம் வாங்குங்கள். உறவினரின் டிஎன்ஏ அறிக்கையை விட அவருடைய பயோப்சி (துணுக்குப் பரிசோதனை) அறிக்கையின் படம் இங்குள்ள வைத்தியருக்குக் கூடப் பயன்படும். கமராவில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் துணுக்கு எடுக்கும்படி கேட்கலாம், வெறும் கண்ணுக்குச் சுவர் சுகமாகத் தெரிகிற நோயாளிகளும் உண்டு.

வெற்றிலை புகையிலை போடுகிற ஐம்பது, அறுபது வயதுக்காரருக்கு விழுங்குவது நாளுக்கு நாள் கஷ்டமாகி, நிறையும் குறைந்தால், ஒவ்வாமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். இலங்கையில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபூர்வமான ஒன்றல்ல. அவர் வரிசையில் முதலில் போக வேண்டியவர்.

இறைச்சித் துண்டு சிக்கி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடிந்துகொண்டிருந்தால் அது அவசரம், உடனே ஆஸ்பத்திரி. மீன் முள்ளுக்குச் செய்கிற மாதிரி சோற்று உருண்டையையும் வாழைப்பழத்தையும் மேலே தள்ளக் கூடாது. ஒடுங்கிய குழாய் கிழியக்கூடும்.

வருத்தம் உறுதியானால் வழிகள் இருக்கின்றன. ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்துக்கே ஏறக்குறைய பாதிப் பேர் அடங்குகிறார்கள். தொய்வுக்கு இழுக்கும் ஸ்ரெரொயிட்டை விழுங்கும் முறையில் கொடுப்பதும் உண்டு. டுப்பிலுமாப் என்ற ஊசி மருந்தை அமெரிக்கா 2022இல் இந்த வருத்தத்துக்கு அனுமதித்தது, விலை எங்கள் கைக்கு எட்டாதது.

சாப்பாட்டை நிறுத்திப் பார்க்கும் வழியும் இருக்கிறது. முன்பு, மேலே சொன்ன ஆறு வகையையும் ஒரேயடியாக நிறுத்துவார்கள். பெரியவர்களில் பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34%, ஆறையும் நிறுத்தியவர்களில் 40% பேருக்கு அழற்சி அடங்கியதாக 2023இல் வந்த ஒப்பீடு காட்டியதால், இப்போது பாலில் தொடங்குவது பலருக்குப் போதும் என்று கருதுகிறார்கள். வன்னிச் சமையலறையில் ஆறை நிறுத்துவதென்றால் பாண், கோதுமை மாப் புட்டு, முட்டை, பால்மா, சோயா மீற், கச்சான், மீன், இறால் எல்லாம் போய்விடும். மிஞ்சுவது சோறும் குரக்கனும் பருப்பும் மரக்கறியும் இறைச்சியும். வளர்கிற பிள்ளைக்கு இதை வீட்டில் தாங்களாகவே செய்யக் கூடாது. பாலை மட்டும் நிறுத்துவதென்றாலும் தேத்தண்ணியில் போடுகிற பால்மா, எருமைத் தயிர், பால் சேர்ந்த பிஸ்கட் எல்லாம் அதில் அடங்கும். திரிபோஷாப் பைக்கற்றின் பின்பக்கத்தையும் வாசிக்க வேண்டும். தேங்காய்ப்பாலுக்கு இந்தத் தடை இல்லை, சொதி வைக்கலாம். சில வாரங்கள் கழித்து அறிகுறி குறைந்துவிட்டது என்று அத்தோடு விட்டுவிட முடியாது. அறிகுறி அடங்கியும் சுவரில் அழற்சி தொடரலாம் என்பதால் மறுபடி கமராவும் துணுக்கும் தேவைப்படும். அந்த இரண்டாவது தவணையைத் தவறவிடாதீர்கள்.